மீன்தொட்டியின் முதுகு

அத்தைக்கு மறதி நோய் என்று சொன்ன டாக்டர்தான், வீட்டில் ஒரு மீன்தொட்டி வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். மெதுவாக அசைகிற எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கொஞ்சம் அடங்குமாம். என் மாமனார் எதையும் ஆறப்போடுகிற ஆள் இல்லை. அந்த வாரமே ஒரு தொட்டியை வாங்கி, ஹாலில் சுவரோரமாக இரும்பு ஸ்டாண்டு போட்டு, தண்ணீரும் நிரப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, எல்லாம் நல்லாதான் இருக்கு. முதுகுதான் அசிங்கமா இருக்கு. வந்து பாருங்களேன்."

தொட்டியின் முதுகைத்தான் சொன்னார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பின்னாலிருந்த மோட்டார் ஒயர், காற்றுக் குழாய், பிளக் போர்டு, ஈரம் ஏறி உப்பிய சுவர் எல்லாமே தெரிந்தன. மீன்களைவிட அவைதான் பளிச்சென்று தெரிந்தன என்றுகூடச் சொல்லலாம்.

நான் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவது, கடைகளுக்குப் பெயர்ப் பலகை, ஆபீஸ் தடுப்புகளுக்குப் பனிக்கண்ணாடி மாதிரி வெள்ளைத் தாள் ஒட்டுவது, இதுதான் பிழைப்பு. மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய்க் கறையும் இருட்டுமாக லிஃப்ட் குழிகளுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். அத்தை நேர் எதிர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பேசுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்தும் ஓவர்டைம் பார்ப்பவர் என்று என் மனைவி கேலி செய்வாள். எங்கள் கல்யாணத்தில் மாமா பேச வேண்டிய பேச்சையும் சேர்த்து அத்தையே பேசினார்.

மறுமுறை போகும்போது கையகலத்துக்கு மாதிரித் துண்டுகள் வெட்டி எடுத்துப் போனேன். கறுப்பு, நீலம், பனிவெள்ளை, அப்புறம் பவளப்பாறையும் பாசியும் மூழ்கிய கப்பலுமாக அச்சடித்த ஒரு படத்தாள். ஒவ்வொன்றையும் தொட்டிக்குப் பின்னால் பிடித்துக் காட்டினேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, புடவைக் கடையில் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தக் கப்பல் போட்டதே நல்லா இருக்கு மாப்ள."

"அது கடலும்மா," என்றார் மாமா. "இது எல்லாம் நல்ல தண்ணி மீனு. கப்பலப் பாத்தா பயந்துரும்."

"மீனு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தொழில்காரனாக என் மனதில் பட்டதைச் சொன்னேன். படத்தாள் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். நீலம் கண்ணுக்குச் சலித்துவிடும். கறுப்பு ஒட்டினால் பின்னால் ஒன்றுமே இல்லாததுபோல ஆழமாகத் தெரியும், மீனின் நிறமும் எடுப்பாக இருக்கும். மாமா வாங்கியிருந்தவை எல்லாம் ஆரஞ்சு நிறத் தங்கமீன்கள்.

"உங்க இஷ்டம்," என்று அத்தை விட்டுக்கொடுத்தார்.

தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை வைத்து ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்துக் குமிழே இல்லாமல் ஒட்டி முடித்தேன். மாமா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "சபாஷ்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. அத்தைக்கும் பிடித்துப்போனது. எப்போதும் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிய ஒரு பெரிய மீனைக் காட்டி, "லைன் கிடைக்காம ஹலோ ஹலோன்னு கத்துது பாருங்க, இதுக்கு ட்ரங்க் கால்னு பேரு வச்சிருக்கேன்," என்றார். அன்றைக்கு அவருக்கு எல்லாப் பெயரும் நினைவில் இருந்தன. என் பெயர், என் அம்மா பெயர், எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பெயர்.

சில நாள் கழித்து மாமா மறுபடி கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"மாப்ள, நீங்க மட்டும் வாங்க. அவகிட்ட சொல்லாதீங்க."

அவள் என்றது என் மனைவியை. நான் போனபோது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அத்தை என்னைக் கண்டதும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு மாப்ள. உங்க மாமா ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வந்து வச்சிருக்காரு."

"எங்கத்த?"

"ஹால்லதான். அந்தத் தண்ணிக்குப் பின்னாடி. சாயந்திரம் ஆனா வந்து என்னையே மொறச்சுப் பாக்குறா. வயசானவ. கொஞ்சங்கூட வெக்கமில்ல."

ஹாலுக்கு வந்து பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரவெல்லாம் எரிந்தால் பாசி பிடிக்கும் என்று மாமா பொழுது சாயும்போது தொட்டி விளக்கை அணைத்துவிடுவார். ஹாலில் ட்யூப்லைட் எரியும். பின்னால் கறுப்பு இருப்பதால் முன்கண்ணாடி அப்படியே நிலைக்கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எதிரே யார் உட்கார்ந்தாலும் முகம் தெரியும். நமக்கு அது நம் முகம். அத்தைக்கு மட்டும் அது வேறு யாரோ.

"இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரு," என்றார் மாமா. சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. "நேத்து என்னை ஹால்ல படுக்கக் கூடாதுன்னுட்டா. மாடிப்படியில உக்காந்திருந்தேன். மேல்வீட்டுக்காரரு பாத்துட்டு, என்ன சார் சண்டையான்னு கேக்குறாரு. என்னன்னு சொல்றது?"

"கவலைப்படாதீங்க மாமா. கறுப்ப உரிச்சுட்டு பனிவெள்ளை ஒட்டிரலாம். பின்னாடி ஒரு லைட் வச்சா பிம்பமே விழாது. ஞாயித்துக்கெழம வர்றேன்."

அதுவரை தொட்டி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஃபிலிம் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். மாமா கதவைத் திறந்தவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா."

போர்வை கீழே கிடந்தது. அத்தை தன் நாற்காலியைத் தொட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பழைய அத்தை. கை ஆட்டல், இடையிடையே தானே சிரித்துக்கொள்வது, "அப்புறம் கேளு" என்று கதையை இழுப்பது எல்லாம் அப்படியே.

"யார்கிட்ட பேசுறாங்க?"

"அவ அக்காகிட்ட," என்றார் மாமா.

அத்தையின் அக்காவை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே மழையில் நனைந்து வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கிப் போய்ச்சேர்ந்தவர். தாயில்லாத வீட்டில் அத்தையைத் தூக்கி வளர்த்தவர். எந்நேரமும் அக்கா முதுகில் ஒட்டிக்கொண்டே திரிந்ததால் அத்தைக்கு வீட்டில் 'பல்லி' என்று பட்டப்பெயராம். அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "இப்பவும் என்னைப் பல்லின்னு கூப்பிடுவியா, பேத்தி எடுக்கப்போற வயசுல?" என்று கண்ணாடியைப் பார்த்து அத்தை செல்லமாகக் கோபித்தார்.

போர்வையை எடுத்தது தான்தான் என்று மாமா சொன்னார். மீனுக்குத் தீனி போடுவதற்காக விலக்கியிருக்கிறார். அத்தை வந்து நின்று, வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, எப்ப வந்த?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

"காலையில சாப்பிட்டா மாப்ள. தானா சாப்பிட்டா. நான் ஊட்ட வேண்டியதே இல்ல. அக்காவும் சாப்பிடுறாளாம்."

தட்டோடு கண்ணாடி முன் உட்கார்ந்தால், தான் வாயில் வைக்கும்போது அக்காவும் வைக்கிறாள். அக்கா சாப்பிடும்போது தங்கை சாப்பிடாமல் இருப்பாளா? அதற்கு முந்திய வாரங்களில் ஒரு கவளத்துக்காக மாமா பட்ட பாடு எனக்குத் தெரியும். சுருளைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி வண்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவள் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். இரண்டும் இரண்டும் எல்லா நாளும் நாலாக இருக்க வேண்டும் அவளுக்கு.

"செத்துப் போனவங்க உக்காந்திருக்காங்கன்னு நம்ப விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வேடிக்க பாக்குறீங்களா? நாளைக்கு இன்னும் முத்திப்போனா?"

"சந்தோஷமா இருக்காம்மா," என்றார் மாமா.

"அது சந்தோஷம் இல்லப்பா. நோவு."

ஆனால் அன்று முதல் பொழுது சாய்ந்தால் தொட்டி விளக்கை மாமா சரியான சமயத்தில் அணைத்தார். அத்தைக்கு வலது பக்கம் ஒரு சின்ன மேஜை போட்டார். அக்காவுக்கும் டீ வேண்டும் என்று அத்தை கேட்டால் இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். ஆறியதும் அவரே அதைக் குடித்தார்.

அந்த நாட்களில் அத்தை அக்காவிடம் பேசியதை எல்லாம் மாமா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூடவே வாழ்ந்தும் அவருக்கே தெரியாத சங்கதிகள் நிறைய. எக்ஸ்சேஞ்சில் ஒருமுறை ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டு மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டது. மகளுக்கு முன்னால் ஒரு கரு கலைந்தபோது மாமாவிடம் அழாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது. ஒருநாள் என் கடைக்கு வந்து இதைச் சொல்லும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜை மேல் கிடந்த பிளேடைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தியும் பேசுனா மாப்ள."

"என்னன்னு?"

"இங்க ஒரு ஆளு இருக்காரு அக்கா. நல்ல மனுஷன். டீ போடுறாரு, துணி தொவைக்கிறாரு. ஆனா பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போக மாட்டேங்குறாரு. பாவம், அவரு வீட்டுல தேட மாட்டாங்களா... அப்படின்னா."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

"நல்ல மனுஷன்னாளே. அத விடு."

என்னை அவர் ஒருமையில் பேசியது அது ஒரே தடவைதான். அவருக்கே அது தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் அத்தை அவரிடமே நேராகக் கேட்டுவிட்டார், நீங்க என்ன வேலை பாக்குறீங்க என்று. லிஃப்ட் ரிப்பேர் என்றிருக்கிறார் மாமா. "இந்த வீட்டுல ஏது லிஃப்டு?" "இல்லதாம்மா." "அப்ப எதுக்கு வந்தீங்க?" "எதிர்காலத்துல வைப்பாங்க, அளவு எடுக்க வந்தேன்," என்று சொல்லி, அதை மெய்யாக்க டேப்பை எடுத்துச் சுவரை அளந்து காட்டியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் மாமா பால் வாங்கக் கீழே போயிருந்தார். தற்செயலாக அந்த நேரத்தில் என் மனைவி அங்கே போனாள். கதவைத் திறந்ததும் காலைத் தண்ணீரில் வைத்திருக்கிறாள். ஹால் முழுக்க வெள்ளம். அத்தை ஸ்டூலில் ஏறி நின்று குளியலறைக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கீழே ஊற்றிக்கொண்டிருந்தார். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து துடித்தன. சுவரோரம் பிளக் போர்டு தண்ணீரை ஒட்டினாற்போல் தொங்கிக்கொண்டிருந்தது, சுவிட்ச் போட்டபடி.

"அம்மா! என்ன பண்ற?"

"அக்கா நனையுறாடி. எத்தனை நாளா தண்ணியிலயே இருக்கா, யாருமே பாக்கல. ஜுரம் வந்துரும். நெஞ்சுல எறங்கிரும்."

என் மனைவி மின்சாரத்தை அணைத்து, அம்மாவை இறக்கி, துவட்டி, படுக்க வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். மாமா பால் பாக்கெட்டோடு தண்ணீர் நடுவில் நின்றிருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் வாளியில் மீன்களை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கே மாத்திடுங்க," என்றாள் என்னிடம். "அந்த சுவிட்ச்சப் பாத்தீங்களா? ஒரு விரல் பட்டிருந்தா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே தலையை ஆட்டினார். அவளிடம் நியாயம் இருந்தது. யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது.

கறுப்பு ஃபிலிம் முனையில் நகம் கொடுத்ததும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மிச்சமிருந்த பசையை வழித்து, பனிவெள்ளையை ஒட்டி, பின்னால் மெல்லிய லைட் பட்டை ஒன்றைப் பொருத்தினேன். ஒயர்களை எல்லாம் உயரத்தில் அடித்து மூடினேன். தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டபோது, பொய் சொல்லக் கூடாது, கறுப்பைவிட நன்றாகவே இருந்தது. விடியற்கால மூட்டத்துக்குள் மீன்கள் நீந்துவது போல இருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் யார் முகமும் விழவில்லை.

அத்தை தூங்கி எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். எழுந்து பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"அக்கா எங்க?"

அத்தை குளியலறைக்குப் போனார். படுக்கையறைத் திரைக்குப் பின்னால் பார்த்தார். வாசல் கதவைத் திறந்து படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லாமலா போனா?"

"ஊருக்குப் போயிருக்காங்கம்மா," என்றார் மாமா. "உன்னை எழுப்ப வேணாம்னு சொன்னாங்க."

"எழுப்பியிருக்கலாம்ல. நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேனே."

அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நாற்காலியைவிட்டு நகரவும் இல்லை. தட்டை நீட்டினால், அக்கா வரட்டும் என்றார். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த என் மனைவி முதல் நாள் கெஞ்சினாள், இரண்டாம் நாள் அதட்டினாள், மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அம்மா, பெரியம்மா செத்துப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியும்மா. நீதான் கடைசி வரைக்கும் கூட இருந்த."

அத்தை மகளையே பார்த்தார். அப்புறம் வந்த அழுகையை நான் எந்தத் துக்க வீட்டிலும் கேட்டதில்லை. தரையில் சரிந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எனக்கு ஏன்டி யாரும் சொல்லல, மொகத்தக்கூடப் பாக்கலையே," என்று கதறினார். மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். யார் இறந்தது என்று கேட்டார்கள். மாமா வாசலில் நின்று, "அவ அக்கா," என்று மட்டும் சொன்னார். அவர்களும் பாவம், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அழுது அழுது களைத்துத் தூங்கிய அத்தை விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தார். முகம் கழுவினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா வந்துட்டாளா?" என்று மகளைக் கேட்டார்.

என் மனைவி எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்பையே ஒட்டிடுங்க," என்றாள். "ஒயர்தான் மேல போயிடுச்சே. தண்ணிய மொள்ளாம மூடிக்குப் பூட்டு போட்டுக்கலாம். ஒட்டிடுங்க."

கடைக்குப் போய்ப் புதுச் சுருளை எடுத்துவந்தேன். வெள்ளையை உரிக்கும்போது ஓரம் கிழிந்து கிழிந்து வந்தது. கறுப்பை ஒட்டியதில் இரண்டு மூன்று இடத்தில் குமிழ் நின்றுவிட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை. மாமா தொட்டி விளக்கை அணைத்தார், ட்யூப்லைட்டைப் போட்டார், அத்தையின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். மூன்று பேரும் பின்னால் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றோம்.

கண்ணாடியில் அத்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அத்தை பார்த்தார். தலையைச் சாய்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, புடவையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத, மரியாதையான ஒரு குரலில் கேட்டார்:

"சொல்லுங்க, எந்த நம்பர் வேணும்?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார். இன்னொரு முறை கேட்டார். பதில் வராமல் போகவே, "லைன்ல யாரும் இல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அந்த நாற்காலியில் உட்காரவும் இல்லை. மாமா சில நாள் சாயந்திரம் விளக்கை அணைத்து அணைத்துப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். ஊட்டினால் அத்தை சாப்பிட்டார், ஊட்டாவிட்டால் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஆம் இல்லை என்று ஆகி, அதுவும் நின்றது. வாய் ஓயாத வீட்டில் மோட்டாரின் காற்றுக் குமிழ்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமாதான் பேசப் பழகிக்கொண்டார். துணி மடிக்கும்போதும் அத்தைக்குத் தலை வாரும்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு அறுந்தது, எந்த முதலாளி நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளேயே அழுதான் என்று. அத்தை கேட்டாரா என்று தெரியாது. சில சமயம் மாமாவின் கை போன பக்கம் அத்தையின் கண் போகும்.

அடுத்த கோடை முடிவதற்குள் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய வார்டு, பச்சைத் திரை போட்ட கட்டில்கள். இரண்டாம் நாள் சாயந்திரம், மாதக்கணக்கில் வார்த்தையே பேசாதவர், கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

"அக்கா."

மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். மருந்துச் சீட்டோடு நான் திரையருகே நின்றேன். என் மனைவி அம்மாவின் முகத்துக்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா..."

என் மனைவி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"இங்கதான்டி இருக்கேன்."

"எங்க போயிட்ட?"

"எங்கயும் போகல. தண்ணி எடுக்கப் போனேன்."

"நனஞ்சிட்டியா?"

"இல்லடி. தொட்டுப் பாரு. காஞ்சுதான் இருக்கேன்."

அத்தையின் கை போர்வைக்கு வெளியே வந்தது. என் மனைவி பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு அக்காவாக இருந்து அவள் அன்றைக்கு என்னென்னவோ பேசினாள். தலைக்குக் குளிக்கலாம் என்றாள், பள்ளிக்கூடம் லீவு என்றாள், தூங்கு என்றாள். பெரியம்மாவின் முகம் அவளுக்கே சரியாக நினைவில்லை. குரல் சுத்தமாகத் தெரியாது. நர்ஸ் வந்து பார்வை நேரம் முடிந்தது, ஒருவர் மட்டும் இருக்கலாம் என்று சொன்னபோது எங்களைப் போகச் சொல்லிக் கண்ணாலேயே காட்டிவிட்டு, அவள் பேச்சை நிறுத்தாமல் இருந்தாள்.

மறுநாள் மதியம் அத்தை இறந்துவிட்டார். கூட என் மனைவி மட்டும்தான் இருந்தாள். மாமாவும் நானும் ஸ்கேன் அறிக்கை வாங்கப் போயிருந்தோம்.

ஆம்புலன்ஸுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா மகள் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளாம்மா?"

"இல்லப்பா. பேசல. கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் பிடி விட்டுப்போச்சு."

"எந்தக் கை?"

என் மனைவி தன் இடது கையைக் காட்டினாள். மாமா அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வந்து நின்று டிரைவர் இறங்கிக் கூப்பிடும்வரை விடவில்லை.